தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊர்ப் பள்ளிக்கு உதவ முன்வந்தால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

அஞ்செட்டிப் பெற்றோர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிக்கு மேலே மலைப்பகுதியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். என் மகள் அங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் ஓசூர்ப் பக்கத்துத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் வந்து தலைமையாசிரியரைச் சந்தித்தார்கள். முப்பது டேப் (கையடக்கத் தொடுதிரைக் கணினி), ஒரு தொடுதிரைப் பலகை, ஓராண்டுக்கான கற்றல் செயலி ஆகியவற்றைத் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தர விரும்புவதாகவும், வேறு ஏதாவது தேவையிருந்தால் இருபது நாளுக்குள் எழுதிக் கொடுக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்கள். மரியாதையாகப் பேசினார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவும் சாப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் குழப்பம். பலத்த காற்றடித்தால் எங்கள் ஊரில் மின்சாரம் போய்விடும், சில நாள் மறுநாள்தான் வரும். பள்ளிக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னலும் கிடைக்காது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு தெரியும். 2020 இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, போன் இருந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாறையில்தான் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள், அவர்களில் சிலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அது எனக்கு இன்னும் ஆறாத வலி.

உலகம் முழுவதும் இப்படிப்பட்ட உதவிகள் நடக்கின்றன என்பதால், எங்கே எது பயன்பட்டது, எது பாழானது என்று அறிந்தவர்கள் சொன்னால் எங்கள் கடிதத்தைச் சரியாக எழுத முடியும்.

பென்னாகரம் கணக்கு வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி வட்டாரப் பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நான் கண்ட ஓர் அறையைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

பத்தாண்டுகளுக்கு முன் நான் மாற்றலாகிச் சென்ற பள்ளியில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே இரண்டு நாள் தெரியவில்லை. திறந்து பார்த்தால் எட்டுக் கணினிகள் துணி போர்த்தி வரிசையாக இருந்தன. யு.பி.எஸ். பேட்டரி உப்பி, பெட்டியின் மூடியையே தூக்கியிருந்தது. இரண்டு கணினிகளின் வயர்களை எலி கடித்திருந்தது. ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் கசங்காமல் பளபளவென்று இருந்தது. கணினிகளைத் தந்த ஆண்டில் ஒரு பயிற்றுநர் வாரம் இரண்டு நாள் வந்திருக்கிறார். மறு ஆண்டு அவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அதற்கடுத்த ஆண்டு பேட்டரி செத்தது. அதை மாற்றுவதற்கான தொகையைப் பள்ளிக் கணக்கில் எந்தத் தலைப்பில் எடுப்பது என்று தெரியாமல் அறையைப் பூட்டினார்கள். ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை, ஆனாலும் ஒரு பிள்ளைக்கும் அது பயன்படவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005 இல் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை அறிவித்தார். நூறு டாலருக்கு ஒரு மடிக்கணினி என்பது வாக்குறுதி. அந்த விலைக்கு அது ஒருநாளும் வரவில்லை. பல பெரிய கணினி நிறுவனங்கள் அதற்குப் பணமும் பொருளும் தந்தன. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கி மலைக்கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கு இடையேயான வளர்ச்சி வங்கி அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 2012 இல் முடிவை வெளியிட்டது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மடிக்கணினி பெற்ற பள்ளிக்கும் பெறாத பள்ளிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பொதுவான சிந்தனைத்திறன் சோதனைகளில் மட்டும் சிறிது முன்னேற்றம் இருந்தது. கருவியைக் கொடுத்தார்கள், அதை வைத்து நாளைக்கு இரண்டாம் பாடவேளையில் எந்தக் கணக்கை எப்படி நடத்துவது என்பதை ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யுனெஸ்கோவும் தன் 2023 ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கையில் பெருவை எடுத்துக்காட்டி இதையே சொல்கிறது.

ஆகவே முப்பது டேப் என்பதை முதலில் பார்க்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் அந்த டேப் யார் கையில், எந்த நிலையில் இருக்கும் என்பதை முதலில் கேளுங்கள்.

ஊத்தங்கரை இளைஞன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2011 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பயனடைந்தவன் நான். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் மின்னணுக் கருவியே அதுதான், தொலைக்காட்சி பிறகுதான் வந்தது. அப்பா மாங்கூழ் ஆலையில் பருவ வேலை பார்த்தார். அந்த மடிக்கணினியில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே நானும் என் தம்பியும் பிரித்துப் பார்த்தும் கெடுத்தும் மீண்டும் நிறுவியும் கற்றுக்கொண்டோம். இன்று இருவரும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். சராசரி மதிப்பெண் உயர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் எங்களைப் போன்றவர்கள் அந்த ஆய்வில் தென்படவே மாட்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் ஆயிரம் நிபந்தனை போட்டால், அந்த நிறுவனம் ஓசூர் நகருக்குள்ளேயே ஒரு பள்ளியைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அஞ்செட்டி வரை வந்ததே பெரிது.

பென்னாகரம் கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் வளர்ச்சி எனக்கு மனநிறைவு தருகிறது, என் மாணவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த மடிக்கணினி உங்களுக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டு போகலாம், கெடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கு வரும் டேப் இருப்புப் பதிவேட்டில் ஏறும் பொருள். ஒன்று உடைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்த அச்சத்தினாலேயே அவை பீரோவுக்குள் போகின்றன. எனவே உடைந்தால் பள்ளியின் பொறுப்பு இல்லை என்று நிறுவனமும் கல்வித்துறையும் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்பதே பிள்ளைகளின் கையில் டேப் போய்ச் சேர வழி.

ஓசூர் நிதிப்பிரிவு எழுதியது:

நான் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொன்னால் உங்கள் கடிதத்துக்கு உதவும்.

2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135 ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், ஆண்டு விற்பனை 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனவே ஓசூரில் தொழிற்சாலை வைத்திருப்பவர் அஞ்செட்டிக்கு வருவதைச் சலுகையாக எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஊத்தங்கரைத் தம்பியின் அச்சத்துக்கு இதுவே பதில்.

பொருளாகவே ஏன் கொடுக்கிறார்கள்? நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. ஜனவரியில் கணக்குப் பார்க்கும்போது செலவாகாத தொகை இருக்கும். டேப் வாங்கினால் பிப்ரவரியில் ரசீது வந்துவிடும், மார்ச்சில் விழாவும் முடிந்துவிடும். ஒரு பயிற்றுநருக்கு மூன்றாண்டுச் சம்பளம் என்றால் கணக்கு நீண்டுகொண்டே போகும், அதனால் தயங்குகிறார்கள். ஆனால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை. 2021 இல் திருத்தப்பட்ட விதிகளில் 'தொடர் திட்டம்' என்று ஒன்று உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக, மேலும் மூன்றாண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தலாம். அந்த ஆண்டு செலவாகாமல் நிற்கும் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்து அடுத்த ஆண்டுகளில் அத்திட்டத்துக்கே செலவிடலாம். உங்கள் கடிதத்தில் "இதனைத் தொடர் திட்டமாக ஏற்குமாறு வேண்டுகிறோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்காருவோம், கேட்பவர்களுக்கு விவரம் தெரிகிறது என்று பொருள்.

எழுதும்போது தொகையை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். வாங்கும் செலவு ஒருபுறம், நடத்தும் செலவு மறுபுறம். பேட்டரி மாற்றுதல், ரீசார்ஜ், உள்ளூர் உதவியாளரின் மதிப்பூதியம், பழுதுபார்க்க ஓசூர் போய்வரும் பேருந்துக் கட்டணம் உட்பட எல்லாவற்றையும் இரண்டாம் பகுதியில் எழுதுங்கள். நான் பார்த்தவரை, நடத்தும் செலவு எழுதப்படாத திட்டங்கள்தான் வாத்தியார் ஐயா கண்ட அந்த அறையில் போய் முடிகின்றன. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக உதவி வந்தால் அது துறையின் பார்வையிலும் பதிவாகும். தலைமையாசிரியர் மாறினாலும் திட்டம் அனாதையாகாது.

அஞ்செட்டிப் பெற்றோர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, தொடர் திட்டம் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இன்னொரு ஐயம். பெரிய நிறுவனங்கள் பலூன் மூலமும் வேறு வழிகளிலும் இலவச இணையம் தருவதாகச் செய்தி படித்திருக்கிறேன். டேப்புக்குப் பதிலாக ஊருக்கே இணையம் கேட்டால் என்ன?

தருமபுரி டவர்க்காரர் எழுதியது:

அக்கா, பதினைந்து ஆண்டுகளாக அலைபேசிக் கோபுரங்களில் பராமரிப்புப் பணி செய்பவன் நான். அரூர் சித்தேரி மலை முதல் ஒகேனக்கல் வரை ஏறாத கோபுரம் குறைவு. இணையத்தைக் கேட்பது நியாயம், ஆனால் அதை யாரிடம் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும்.

பலூன் திட்டத்தைக் கூகுளின் தாய் நிறுவனம் நடத்தியது. 2013 இல் வெளியே அறிவித்தார்கள், 2020 இல் கென்யாவில் வணிக முறையில் சேவையும் தொடங்கினார்கள், 2021 ஜனவரியில் மூடிவிட்டார்கள். செலவு கட்டவில்லை. பேஸ்புக் சூரிய ஆற்றலில் பறக்கும் ஆளில்லா விமானம் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு 2018 இல் தன் விமானப் பணியை நிறுத்திக்கொண்டது. அதே பேஸ்புக் 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, பின்னாளில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாற்றிய இலவசச் சேவையை இந்தியாவில் கொண்டுவந்தது. முதலில் வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் இலவசமாகக் கிடைத்தது முழு இணையமன்று, அவர்கள் ஏற்றுக்கொண்ட சில தளங்கள் மட்டுமே. ஒரு பிள்ளை எதைப் படிக்கலாம் என்பதை ஒரு நிறுவனம் முடிவு செய்வதா என்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டு அதை நிறுத்தியது. அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

நன்றாக நடந்தது ரயில் நிலைய வைஃபை. கூகுளும் ரயில்டெல்லும் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, 2018 க்குள் 400 நிலையங்களுக்குக் கொண்டு சென்றார்கள். எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கிய ஒருவர் அந்த வைஃபையில் பாடம் கேட்டுக் கேரள அரசுப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறினார். கைப்பேசி டேட்டா விலை குறைந்துவிட்டது என்று சொல்லி 2020 இல் கூகுள் விலகியது. சேவை நிற்கவில்லை. தரைக்கு அடியில் ஓடிய இழைவடம், அதாவது இணையத்தைக் கடத்தும் ஒளியிழைக் கம்பி, ரயில்டெல் என்ற பொதுத்துறை நிறுவனத்துடையது, அதனால் அது தொடர்ந்தது. நிறுவனம் வரும், போகும், கம்பி யாருடையது என்பதே கேள்வி.

உங்கள் மலையில் கோபுரம் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சுற்றிலும் காவிரி வனவிலங்குச் சரணாலயம். கோபுரத்துக்கும் வடத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். இரண்டு, கோபுரம் நாள் முழுவதும் இயங்க மின்சாரமும், அது போனால் டீசலும் வேண்டும். ஏறிப்போய் டீசல் ஊற்றும் செலவை நூறு வீட்டு ரீசார்ஜ் ஈடு செய்யாது. ஆகவே தனியார் வர மாட்டார்கள், அரசுதான் வர வேண்டும். சேவை எட்டாத கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். வழியாக 4ஜி தரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாநில அரசின் தமிழ்நாடு இழைவட வலையமைப்பு 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதற்காக ஏற்பட்டது. கிராம சபையில் இவ்விரண்டுக்கும் தனித்தனித் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நிறுவனத்திடம் இதைக் கேட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது வேறு. இணையம் இல்லாமலே இணையத்தின் நல்ல பகுதியைப் பள்ளிக்குள் வைக்கலாம். ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருக்கிறது. அதோடு ஒரு மெமரி கார்டும், பள்ளியின் நாலு மூலைக்கும் எட்டும்படி வைஃபை பரப்பும் ஒரு சின்ன ரவுட்டரும் போதும். அதில் கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், கோலிப்ரி என்ற மென்பொருள் வழியாகப் பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் ஏற்றிவிடலாம். இரண்டும் கட்டணமில்லாத, திறந்த மூல மென்பொருள்கள். டேப்பை அந்த வைஃபையில் இணைத்தால் பிள்ளைகள் எந்தப் பக்கத்தையும் திறக்கலாம், ரீசார்ஜ் தேவையே இல்லை. போன் சார்ஜர் அளவு மின்சாரம்தான் இழுக்கும், காற்றடித்து மின்சாரம் போனாலும் ஒரு நல்ல பவர் பேங்கில் பள்ளி விடும் வரை ஓடும். நான் எங்கள் தெரு நூலகத்துக்கு அப்படி ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் பிள்ளைகள் யானையையும் டைனோசரையும்தான் தேடினார்கள், மூன்றாம் வாரம் ஒரு பையன் தொப்பூர்க் கணவாயைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தான்.

அரூர் விக்கியர் எழுதியது:

டவர்க்காரர் சொன்ன பெட்டிக்குள் எதை வைப்பது என்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ் விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பழக்குவதற்காகக் கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்து அங்கே ஏற்றியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கட்டுரைகளின் தேர்வில் எங்களைக் கேட்கவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குத் தேவையான பயிர், நோய், ஆறு, ஊர் ஆகியவற்றை விட்டுவிட்டு, வெளிநாட்டுப் பாடகர்களைப் பற்றியும் படங்களைப் பற்றியும் நீண்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. வாக்கியங்கள் தமிழெழுத்தில் இருந்தன, தமிழாக இல்லை. எங்கள் பயனர்கள் குறைகளைத் தொகுத்து, 2010 இல் போலந்தில் நடந்த, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில் வெளிப்படையாக எடுத்து வைத்தார்கள்.

அதே கூகுள் 2018 இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையோடு சேர்ந்து 'வேங்கைத் திட்டம்' என்ற பெயரில் மறுபடி வந்தது. இம்முறை எழுதுவோருக்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் கொடுத்து, தலைப்புகளைத் தெரிவு செய்வதில் அந்தந்த மொழிச் சமூகத்துக்கும் இடம் கொடுத்தார்கள். எழுதியது நாங்கள், திருத்தியதும் நாங்கள். பணம் கொடுத்தவர் ஒருவரே, முறை மாறியதும் விளைவும் மாறியது. இதை நான் கண்ணால் பார்த்தவன் என்பதால், நிறுவனத்தின் மீது வெறுப்போ மயக்கமோ எனக்கு இல்லை. எங்களைக் கேட்டுச் செய்கிறார்களா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

பெட்டிக்குள் வைக்கக் கதைகள் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இருக்கின்றன. திறந்த உரிமத்தில் உள்ளதால் பதிவிறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். 2017 இல் கூகுளின் அறக்கொடைப் பிரிவு இந்தியாவில் நான்கு அமைப்புகளுக்கு 84 லட்சம் டாலர் தந்தது. அந்த நான்கில் ஸ்டோரிவீவரும் உண்டு, கோலிப்ரியை உருவாக்கிய லேர்னிங் ஈக்குவாலிட்டியும் உண்டு. அந்தப் பணத்தின் பலன் ஒரு நிறுவனத்தின் செயலிக்குள் பூட்டி வைக்கப்படாமல் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே கிடக்கிறது. அதனால்தான் அஞ்செட்டிக்கும் அது இன்று எட்டுகிறது. உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் கற்றல் செயலி ஓராண்டு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் என்றால், அந்தத் தொகைக்குத் திறந்த உரிமப் பாடங்களைத் தமிழில் செய்து தரச் சொல்லுங்கள்.

தளி ஆசிரியை எழுதியது:

அரூர் ஐயா மொழியைத் தொட்டதால் நானும் எழுதத் துணிகிறேன். தளி ஒன்றியத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பதினான்கு பேருக்கு வீட்டில் கன்னடம், ஐந்து பேருக்குத் தெலுங்கு. தமிழ் அவர்களுக்குப் பள்ளியில் வந்து சேரும் மொழி.

பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் வாசிப்புச் செயலி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படத்தைப் பார்த்தாள், கீழே 'பால்' என்று எழுதியிருந்தது. 'ஹாலு' என்றாள். கன்னடத்தில் பாலுக்கு அதுதான் பெயர். செயலி சிவப்பாகக் காட்டியது. மறுபடியும் 'ஹாலு' என்றாள், மறுபடியும் சிவப்பு. மூன்றாம் முறை அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். நான் அருகில் உட்கார்ந்து, "ஆமாம் கண்ணு, ஹாலுதான், தமிழில் அதைப் பால் என்போம், உன் 'ஹா'வை எடுத்துவிட்டு ஒரு 'பா'வை வை" என்றேன். அவளே ஹள்ளி, பள்ளி என்று இன்னொரு ஜோடியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அன்று முழுவதும் அவளுக்கு அதுவே விளையாட்டாக இருந்தது.

செயலியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பயன்பட்டது, கூச்சப்படும் பையன்கள்கூட அதனிடம் தயங்காமல் படித்தார்கள். ஆனால் அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு நிறத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா, நீங்கள் கேட்கும் உள்ளூர் உதவியாளர் அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

கிருஷ்ணகிரி வழக்குரைஞர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. செயலி எதுவாக இருந்தாலும், பிள்ளைகளின் பெயர், குரல், படம், இருப்பிடம் ஆகியவை எங்கே போகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022 இல் 49 நாடுகளின் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் தனியுரிமைக்குக் கேடு செய்யும் வகையில் அல்லது கேடு செய்யக்கூடிய வகையில் தரவுகளைக் கையாண்டன என்று சொன்னது. நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. விழாவன்று வரிசையாக நிற்க வைத்துக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. டவர்க்காரர் சொன்ன பெட்டி வெளியே எதையும் அனுப்பாது என்பது இந்த வகையிலும் நல்லது.

அஞ்செட்டிப் பெற்றோர் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். கேழ்வரகு அறுப்பு முடிந்துதான் குழுவைக் கூட்ட முடிந்தது. நீங்கள் எழுதியவற்றை நானே தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாரின் அறையைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போய் எங்கள் பள்ளிப் பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பழைய புரொஜெக்டர்கள் இருந்தன.

கடிதத்தில் முப்பது டேப்பைப் பதினைந்தாகக் குறைத்தோம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், ஒருவர் படிக்க ஒருவர் கேட்கலாம் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். தொடுதிரைப் பலகை வேண்டாம் என்றோம். மிச்சமாகும் தொகைக்கு அந்தப் பெட்டி, ரவுட்டர், இரண்டு பவர் பேங்க், மூன்றாண்டுப் பராமரிப்பு, உதவியாளர் மதிப்பூதியம் ஆகியவற்றைக் கேட்டோம். எங்கள் ஊரிலேயே பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருத்தி, தமிழும் கன்னடமும் நன்றாகப் பேசுவாள், ஒப்புக்கொண்டிருக்கிறாள். தொடர் திட்டம் என்ற வரியை முதல் பக்கத்திலேயே எழுதினோம்.

நேற்று நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. தொடர் திட்டமாக இரண்டாண்டுக்கு ஒத்துக்கொள்கிறார்கள், மூன்றாம் ஆண்டு பற்றி இரண்டாம் ஆண்டின் முடிவில் பேசலாம் என்கிறார்கள். மதிப்பூதியத்துக்குச் சம்மதம். உடைந்தால் பள்ளியின் பொறுப்பில்லை என்று எழுதித் தருகிறார்கள். செயலியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் குரல் பதிவுகள் எங்கே சேமிக்கப்படும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பதில் வரும் வரை செயலிக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. கோபுரத்துக்கும் இழைவடத்துக்கும் தனித்தனித் தீர்மானம் அடுத்த கிராம சபைக்கு வைத்திருக்கிறோம்.

டவர்க்காரத் தம்பி, பெட்டியை எங்கே பொருத்துவது என்று பார்த்துச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தனிச்செய்தி அனுப்பியிருந்தீர்கள். ஒகேனக்கல், நாட்றாம்பாளையம் வழியாக வந்தால் நாலு மணிக்குள் மலையேறிவிடுங்கள், இரண்டு நாளாக அந்தச் சாலையில் யானை நிற்கிறது. தளி ஆசிரியையும் தேன்கனிக்கோட்டை வழியாக வருகிறார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.